பயர்பாக்ஸ் அடிக்கடி நின்றுபோகிறதா? கோளாறைக் கண்டுபிடிக்கும் வரிசையும் வைத்துக்கொள்ளத்தக்க நீட்சிகளும்

பயர்பாக்ஸ் தொல்லை கொடுத்தால் பலரும் முதலில் செய்வது, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அநேகமாக இதனால் எதுவும் மாறுவதில்லை. நிரல் ஓரிடத்தில் இருக்கிறது. உங்கள் புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள், நீட்சிகள் (கூடுதல் வசதிக்காக உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்கள்), நீங்கள் மாற்றிய அமைப்புகள் அடங்கிய ‘புரொஃபைல்’ கோப்புறை வேறோர் இடத்தில் இருக்கிறது. நிரலை நீக்கினாலும் புரொஃபைல் அப்படியே இருக்கும். திரும்ப நிறுவியதும் பழைய கோளாறோடு அதே புரொஃபைல் வந்து சேரும். கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டு கைவைத்தால் பெரும்பாலும் ஒரே உட்காரலில் வேலை முடியும். தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பும்.

மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் உள்ளபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ‘அபவுட்:’ என்று தொடங்கும் முகவரிகளை முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டி என்டர் அழுத்த வேண்டும்.

முதல் வேலை: புரொஃபைலை நகல் எடுப்பது

1. அபவுட்:சப்போர்ட் பக்கத்தைத் திறங்கள். மேலே உள்ள அட்டவணையில் ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரிக்கு எதிரே ‘ஓப்பன் ஃபோல்டர்’ பொத்தான் இருக்கும். அழுத்தினால் கோப்புறை திறக்கும்.
2. பயர்பாக்ஸை மெனுவில் ‘எக்ஸிட்’ கொடுத்து முழுவதும் மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.
3. கோப்புறையில் ஒரு படி மேலே போய், முழுக் கோப்புறையையும் வேறொரு டிரைவுக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுங்கள்.

மூடாமல் நகலெடுத்தால் புத்தகக்குறிகள் இருக்கும் தரவுத்தளக் கோப்பு பாதி எழுதிய நிலையில் வந்துவிடலாம். அந்த நகல் அவசரத்துக்கு உதவாது.

உள்ளே பல கோப்புகள் இருந்தாலும் முக்கியமானவை சிலதான். ‘பிளேசஸ்.எஸ்கியூலைட்’டில் புத்தகக்குறிகளும் வரலாறும் இருக்கின்றன. கடவுச்சொற்கள் ‘லாகின்ஸ்.ஜேசான்’, ‘கீ4.டிபி’ என்ற இரண்டு கோப்புகளில் இருக்கின்றன. முதலாவதில் பூட்டிய கடவுச்சொற்கள், இரண்டாவதில் அதைத் திறக்கும் சாவி. ஒன்று இல்லாமல் மற்றது பயன்படாது. சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டும் ‘பிரைமரி பாஸ்வேர்டு’ வைக்காதவர்களின் நகல் யார் கையில் கிடைத்தாலும் கடவுச்சொற்களைப் படித்துவிடலாம். ஆகவே நகலைப் பொதுக் கணினியில் விட்டுவைக்காதீர்கள்.

கணினிகளுக்கிடையே புத்தகக்குறிகளையும் பிறவற்றையும் ஒத்திசைக்கும் பயர்பாக்ஸ் சிங்க் இருப்பதால் நகல் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கணினியில் புத்தகக்குறியை அழித்தால் சிங்க் அந்த அழிப்பையும் மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோய்விடும்.

எந்தப் பதிப்பை ஓட்டுகிறீர்கள்?

‘ஹெல்ப்’ மெனுவில் ‘அபவுட் பயர்பாக்ஸ்’ திறந்தால் பதிப்பு எண் தெரியும். புதிய குறியீடு முதலில் ‘நைட்லி’ என்ற சோதனைப் பதிப்புக்கு வருகிறது. அது ஒரு நாளைக்கு வழக்கமாக இரண்டு முறை புதுப்பிக்கப்படுகிறது. பிறகு பீட்டா, பிறகு பொதுவெளியீடு. 2020 முதல் சுமார் 4 வாரத்துக்கு ஒரு முறை புதிய பெரிய பதிப்பு வருகிறது. டெவலப்பர் எடிஷன் பீட்டாவிலிருந்தே கட்டப்படுவது. இவற்றுக்குப் பக்கத்தில் ஈஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பு இருக்கிறது. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறைதான் அதன் அடிப்படை மாறும். இடையில் பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டும் வரும்.

புதியவர்களுக்குப் பொதுவெளியீடு போதும். தோற்றமும் மெனுவும் அடிக்கடி மாறுவது பிடிக்காதவர்களுக்கும், பல கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம், பள்ளி ஆய்வகம் போன்ற இடங்களுக்கும் ஈஎஸ்ஆர் நல்லது. நைட்லியை வங்கி வேலைக்கும் அலுவலக வேலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் பொதுவெளியீட்டுக்குப் பக்கத்திலேயே நிறுவிக்கொள்ளலாம்; 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலும் தனக்கென்று தனிப் புரொஃபைலை வைத்துக்கொள்வதால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. அதே 67-இலிருந்து இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: புதிய பதிப்பில் ஓடிய புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ‘பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்’ என்ற எச்சரிக்கையோடு அது நின்றுவிடும், புதுப் புரொஃபைல் தொடங்கச் சொல்லும். எச்சரிக்கையைத் தாண்டிப் போக வழி உண்டு. ஆனால் தரவுத்தளத்தின் அமைப்பு மாறியிருந்தால் புத்தகக்குறிகளே கெட்டுப்போகலாம். பழைய பதிப்புக்குப் போயே ஆக வேண்டும் என்றால் புதுப் புரொஃபைலோடு போங்கள்.

புதுப்பிப்பை நிறுத்திவைப்பவர்கள் பலர். அதன் விலை 2025 மார்ச் 14 அன்று தெரிந்தது. நீட்சிகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ் அன்றைக்குக் காலாவதியானது. 128-க்கு முந்தைய பதிப்புகளும் 115.13-க்கு முந்தைய ஈஎஸ்ஆரும் அதற்குமுன் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. எல்லா நீட்சிகளும் ஒரே நேரத்தில் செயலிழந்தால் நீட்சிகளைக் குறைசொல்லும் முன் பதிப்பு எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் 7, 8, 8.1 வைத்திருப்பவர்களுக்கு 115 ஈஎஸ்ஆர்தான் கடைசி. அதிலாவது அதன் ஆகப் புதிய திருத்தத்தில் இருங்கள்.

கிராஷ் ஆனால்: அறிக்கையைப் படியுங்கள்

முழு உலாவியும் சட்டென்று மூடுவது, ஒரு டேப் மட்டும் செத்துப்போவது, அசையாமல் தொங்குவது, மெதுவாக ஓடுவது இவை நான்கும் வேறு வேறு. முதல் இரண்டுக்கும் சான்று எழுதிவைக்கப்படுகிறது. அதைப் பார்க்காமல் ஊகத்தில் இறங்குவதுதான் பெரிய நேர விரயம்.

அபவுட்:கிராஷஸ் பக்கத்தில் அனுப்பாத அறிக்கைகளும் அனுப்பியவையும் தேதியோடு இருக்கும். அனுப்பாததை அனுப்புங்கள். பிறகு ‘வியூ’ அழுத்தினால், பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் கிராஷ் தளத்தில் உங்கள் அறிக்கை திறக்கும். அதன் எண் ‘பிபி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். உள்ளே ‘சிக்னேச்சர்’ என்ற வரிதான் நமக்கு வேண்டியது. நிரலின் எந்த இடத்தில் உயிர் போனது என்பதன் சுருக்கம் அது. நிரலாளராக இல்லாதவர்களும் அதில் சில விஷயங்களைப் படித்துக்கொள்ளலாம்.

‘ஓஓஎம்’ என்று தொடங்கினால் நினைவகம் போதவில்லை. இங்கே பலர் ஏமாறுவது, ரேம் காலியாக இருக்கும்போதே இது வருவதால். விண்டோஸ் ரேமையும், ரேமுக்குத் துணையாக டிரைவில் வைக்கும் பேஜ் ஃபைலையும் சேர்த்துத்தான் ஒரு மொத்த வரம்பு வைக்கிறது. நிரல்கள் முன்பதிவு செய்த அளவு அந்த வரம்பைத் தொட்டால், ரேமில் இடம் இருந்தாலும் புதிதாக இடம் கிடைக்காது. ‘வேகம் கூடும்’ என்று எங்கோ படித்து பேஜ் ஃபைலை அணைத்துவைத்தவர்களுக்கும், சி டிரைவ் நிறைந்து வழிபவர்களுக்கும் இது அடிக்கடி வரும். சரிசெய்ய: ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘செட்டிங்ஸ்’, அங்கே ‘அட்வான்ஸ்டு’, ‘விர்ச்சுவல் மெமரி’யில் ‘சேஞ்ச்’. மேலே உள்ள ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ பெட்டியில் டிக் வைத்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். சி டிரைவில் சில ஜிபி காலி இடம் வையுங்கள். பயர்பாக்ஸும் தன் பங்குக்கு, 93-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் நினைவகம் குறையும்போது பயன்படாத டேப்களைத் தானே இறக்கிவைக்கிறது. 105-இல் இந்த நெருக்கடியைச் சமாளிக்கும் விதம் இன்னும் மேம்பட்டது. மிகப் பழைய பதிப்பில் இருந்தால் புதுப்பித்தாலே பாதி குறையும்.

சிக்னேச்சரில் ‘என்வி’, ‘ஏடிஐ’, ‘ஏஎம்டி’, ‘ஐஜி’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் டிஎல்எல் கோப்பின் பெயர் இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகம். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியோரின் சொந்தத் தளத்திலிருந்து டிரைவரை எடுத்துப் போடுங்கள். விண்டோஸ் அப்டேட் தரும் டிரைவர் சில சமயம் பல மாதம் பழையது.

ஆன்டிவைரஸ், திரைப்பதிவு நிரல், விசைப்பலகை நிரல் போன்றவை தங்கள் கோப்புகளைப் பயர்பாக்ஸுக்குள் நுழைப்பதுண்டு. விண்டோஸில் அபவுட்:தேர்ட்-பார்ட்டி பக்கத்தைத் திறந்தால் அப்படி நுழைந்தவை பட்டியலாகத் தெரியும். கிராஷோடு தொடர்புள்ளது எது என்று அங்கேயே குறிப்பு இருக்கும். தடுக்கும் பொத்தானும் உண்டு. தெரியாத பெயரைத் தடுக்கும் முன் அது எந்த நிரலுடையது என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு சிக்னேச்சர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றால், உலாவியை விட்டுவிட்டு வன்பொருளைச் சோதியுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் குச்சி நம்பத்தக்கதல்ல. ரேமை எக்ஸ்எம்பி என்ற கூட்டிய வேகத்தில் ஓட்டுபவர்கள் பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை நிரல்) சாதாரண வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகளில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை அந்நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அந்தச் சில்லு உள்ளவர்கள் மதர்போர்டு தயாரிப்பாளரின் புதிய பயாஸைப் போட்டிருக்க வேண்டும்.

அறிக்கை ஒன்றும் சொல்லவில்லையா? இந்த வரிசையில் போங்கள்

முதல் படி, ட்ரபிள்ஷூட் மோடு. ‘ஹெல்ப்’ மெனுவில் இருக்கிறது. பயர்பாக்ஸ் திறக்கவே மறுத்தால், விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே அதன் ஐகானைத் திறங்கள். வரும் பெட்டியில் ‘ஓப்பன்’ மட்டும் அழுத்துங்கள். பக்கத்திலேயே ‘ரெஃப்ரெஷ்’ இருக்கும். அவசரத்தில் அதை அழுத்தினால் நீட்சிகளும் அமைப்புகளும் போய்விடும்.

இந்த நிலையில் நீட்சிகள், தீம், வன்பொருள் முடுக்கம் (படம் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லிடம் கொடுப்பது), தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் கோப்புகள் எல்லாம் தற்காலிகமாக அணைந்திருக்கும். வழக்கமாகக் கோளாறு வரும் அதே வேலையைச் செய்து பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றவாளி அணைந்திருப்பவற்றில் ஒன்று. மறையாவிட்டால் நீட்சிகளை விட்டுவிட்டு மூன்றாவது படிக்குப் போங்கள்.

இரண்டாவது படி, எது என்று பிரிப்பது. வன்பொருள் முடுக்கம் ஒரே சுவிட்ச் என்பதால் முதலில் அதைச் சோதியுங்கள். சாதாரண நிலைக்குத் திரும்பி, செட்டிங்ஸில் ‘ஜெனரல்’, கீழே ‘பெர்ஃபார்மன்ஸ்’. ‘யூஸ் ரெகமண்டட் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ்’ டிக்கை எடுத்தால் அடியில் வன்பொருள் முடுக்கத்துக்கான பெட்டி தெரியும். அந்த டிக்கையும் எடுத்து, உலாவியை மூடித் திறங்கள். தொல்லை நின்றால் டிரைவர்தான். டிரைவரைப் புதுப்பித்தபின் முடுக்கத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள்; அணைத்தே வைத்தால் காணொளிகள் எல்லாம் செயலியின் (சிபியு) தலையில் விழும், மடிக்கணினி சூடாகும்.

அதுவல்ல என்றால் நீட்சிகள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அபவுட்:ஆட்ஆன்ஸ் பக்கத்தில் பாதியை அணையுங்கள். தொல்லை நீடித்தால் குற்றவாளி ஓடிக்கொண்டிருக்கும் பாதியில். நின்றால் அணைத்த பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். 16 நீட்சிகள் இருந்தாலும் 4 சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை வரும் கிராஷை அரைமணி நேரம் பார்த்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று முடிவுகட்டக் கூடாது. வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரமாவது தொல்லை வராமல் இருந்தால்தான் அந்தப் பாதி சுத்தம். கடைசியில் ஒன்று சிக்கியதும் அதை மட்டும் அணைத்து, மற்ற எல்லாவற்றையும் போட்டு உறுதிசெய்யுங்கள். இரண்டு நீட்சிகள் சேர்ந்தால் மட்டும் வரும் கோளாறும் உண்டு; அது இந்தக் கடைசிச் சோதனையில் தெரியவரும்.

மூன்றாவது படி, புதுப் புரொஃபைல். அபவுட்:புரொஃபைல்ஸ் பக்கத்தில் ‘கிரியேட் அ நியூ புரொஃபைல்’ அழுத்தி, ‘சோதனை’ என்பது போல அடையாளம் தெரியும் பெயர் கொடுங்கள். பிறகு அதே பட்டியலில் ‘லான்ச் புரொஃபைல் இன் நியூ பிரவுசர்’. ஒன்றைக் கவனியுங்கள்: புதுப் புரொஃபைல் உருவானதும் ‘டிஃபால்ட் புரொஃபைல்’ என்ற வரி எதில் ‘யெஸ்’ காட்டுகிறது என்று பாருங்கள். புதியதற்கு மாறியிருந்தால், பழையதற்குக் கீழே ‘செட் அஸ் டிஃபால்ட் புரொஃபைல்’ அழுத்திவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் அடுத்த நாள் உலாவியைத் திறந்து, புத்தகக்குறி எல்லாம் போய்விட்டது என்று பதறுவார்கள். எதுவும் போயிருக்காது, வேறு புரொஃபைல் திறந்திருக்கும், அவ்வளவுதான்.

புதுப் புரொஃபைலில் நீட்சி எதுவும் போடாமல் சோதியுங்கள். அங்கேயும் கோளாறு வந்தால் காரணம் பயர்பாக்ஸுக்கு வெளியே, அல்லது பயர்பாக்ஸின் குறியீட்டிலேயே இருக்கிறது. வராவிட்டால் பழைய புரொஃபைல் கெட்டிருக்கிறது. அப்போது இரண்டு வழி. எளியது, அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் ‘ரெஃப்ரெஷ் பயர்பாக்ஸ்’: புத்தகக்குறி, வரலாறு, கடவுச்சொல், குக்கிகள் தங்கும், நீட்சிகளும் மாற்றிய அமைப்புகளும் போகும், பழைய கோப்புறை மேசைத்திரையில் ‘ஓல்டு பயர்பாக்ஸ் டேட்டா’ என்ற பெயரில் இருக்கும். இன்னொன்று, உலாவியை மூடிவிட்டுப் புதுப் புரொஃபைலுக்கு மேலே சொன்ன மூன்று கோப்புகளை மட்டும் கையால் நகலெடுப்பது. அமைப்புகள் இருக்கும் ‘பிரெஃப்ஸ்.ஜேஎஸ்’ கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அதோடு பழைய கோளாறும் கூடவே வந்துவிடும்.

புத்தகக்குறிகள் சேமிக்கப்படாமல் இருப்பது, முந்தைய பக்கத்துக்குப் போகும் ‘பேக்’ பொத்தான் வேலைசெய்யாதது, முகவரிப் பட்டை பழைய தளங்களை நினைவுகூராதது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். அபவுட்:சப்போர்ட் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ‘பிளேசஸ் டேட்டாபேஸ்’ என்ற இடத்தில் ‘வெரிஃபை இன்டெக்ரிட்டி’ அழுத்துங்கள். பெரும்பாலும் அதுவே சரிசெய்துகொள்ளும்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு சொல். பயர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கேஜ் மேனேஜர் அதைப் பின்னணியில் புதுப்பித்துவிட்டால், புதிதாகத் திறக்கும் டேப்கள் வேலைசெய்யாமல் ‘ரீஸ்டார்ட்’ கேட்கும். இது கிராஷ் அல்ல. மறுதொடக்கம் செய்தால் போதும். உபுண்டுவில் வரும் ஸ்னாப் வடிவம் ஒத்துவராவிட்டால் மொசில்லாவே நடத்தும் ஏபிடி களஞ்சியத்திலிருந்து டெப் பொதியை நிறுவலாம்.

மெதுவாக இருந்தால்

ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள். பயர்பாக்ஸின் சொந்த டாஸ்க் மேனேஜர், அதாவது அபவுட்:பிராசஸஸ் பக்கம் திறக்கும். எந்தத் தளம், எந்த நீட்சி எவ்வளவு நினைவகமும் செயலியும் தின்கிறது என்று வரிவரியாகத் தெரியும். செயலி நெடுவரிசையின்படி அடுக்கிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். எண் ஏறி இறங்கினால் இயல்பு. எதுவும் செய்யாதபோதும் உயரத்திலேயே நின்றால் அந்த டேப்பை மூடுங்கள். நினைவக எண் பெரிதாக இருப்பது மட்டும் கோளாறு ஆகாது. 2021-இன் இறுதியில் ஒவ்வொரு தளத்தையும் தனித் தனிச் செயல்முறையில் ஓட்டும் பாதுகாப்பு முறை மேசைக்கணினிப் பதிப்புக்கு வந்தது. பல செயல்முறைகள் தெரிவது அதனால்தான். டேப்களை மூட மனமில்லாதவர்கள் அபவுட்:அன்லோட்ஸ் பக்கத்தில் ‘அன்லோட்’ அழுத்தி, பயன்படாதவற்றை நினைவகத்திலிருந்து இறக்கலாம். டேப் அங்கேயே இருக்கும், தொட்டால் மறுபடி ஏறும்.

வேகத்துக்காக அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் இதை மாற்று, அதை மாற்று என்று சுற்றிவரும் பட்டியல்களை நம்பவே வேண்டாம். அவற்றில் பல, பத்தாண்டுக்கு முந்தைய பயர்பாக்ஸுக்கு எழுதப்பட்டவை. அன்றைய அமைப்புகளில் சில இன்று எதையும் செய்வதில்லை, சில தளங்களை உடைக்கின்றன. ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா? அந்தப் பக்கத்தில் ‘ஷோ ஒன்லி மாடிஃபைடு பிரிஃபரன்சஸ்’ டிக் வைத்தால் மாறியவை மட்டும் தெரியும். பல வரிகள் உலாவி தானே எழுதிக்கொண்டவை. நீங்கள் கைவைத்தது என்று தெரிந்ததை மட்டும் வலப்பக்க வளைந்த அம்பால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மாற்றியது மறுதொடக்கத்துக்குப் பின் மறுபடி பழையபடி வந்து நின்றால், புரொஃபைல் கோப்புறையில் ‘யூசர்.ஜேஎஸ்’ என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். அது ஒவ்வொரு தொடக்கத்திலும் தன் அமைப்புகளைத் திணிக்கும். அதை நீக்கினால் மட்டும் போதாது; ஏற்கெனவே எழுதிய மதிப்புகள் தங்கியிருக்கும், அவற்றையும் கையால் மீட்க வேண்டும்.

எந்த நீட்சிகள், எத்தனை

ஆறு ஏழுக்கு மேல் வேண்டியதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை அணுகும்’ அனுமதி கேட்கும் நீட்சி, நீங்கள் வங்கியில் தட்டுவதையும் படிக்க முடியும். நம்பிக்கை இன்றைய ஆசிரியர் மேல் மட்டும் வைப்பதல்ல; நீட்சிகள் கைமாறுகின்றன. நானோ ஆட்பிளாக்கர் 2020-இல் விற்கப்பட்டபின் அதன் குரோம் வடிவத்தில் தீய குறியீடு நுழைந்தது. தி கிரேட் சஸ்பெண்டரை 2021 பிப்ரவரியில் கூகுள் குரோமிலிருந்து நீக்கியது. ஸ்டைலிஷ், பயனர்களின் உலாவல் வரலாற்றைச் சேகரித்தது 2018-இல் வெளியே வந்தது. ஆகவே நிறுவும் முன் ‘ரெகமண்டட்’ பதக்கம் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, வேலைக்குப் பொருந்தாத அனுமதி கேட்கிறதா என்று பாருங்கள். நிறம் மாற்றும் நீட்சி கிளிப்போர்டைப் படிக்க அனுமதி கேட்டால் வேண்டாம். நீட்சி ஒன்று புதுப்பிப்பில் புது அனுமதி கேட்டு நின்றால், யோசிக்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

*யூபிளாக் ஆரிஜின்.* ஒரே ஒரு நீட்சி போட வேண்டும் என்றால் இதுதான். ரேமண்ட் ஹில் எழுதியது. கட்டற்ற மென்பொருள். பெயரில் ‘ஆரிஜின்’ இருக்க வேண்டும். வெறும் ‘யூபிளாக்’ வேறு ஆட்களுடையது. குரோம் தன் நீட்சி முறையை மேனிஃபெஸ்ட் 3-க்கு மாற்றியபின் அங்கே இதன் முழு வடிவம் ஓடுவதில்லை; ‘லைட்’ மட்டும் ஓடுகிறது. பயர்பாக்ஸில் முழு வலிமையோடு இருக்கிறது. நிறுவியதும் எதையும் மாற்ற வேண்டாம், இயல்பான வடிகட்டிப் பட்டியல்களே போதும். கண்ணில் பட்ட பட்டியலையெல்லாம் டிக் அடித்தால் தளங்கள் உடையும், எதனால் என்று கண்டுபிடிப்பதும் கடினம். இன்னொரு விளம்பரத் தடுப்பானைக் கூட வைக்காதீர்கள்: இது விளம்பர நிரலுக்குப் பதில் ஒரு போலியைக் கொடுத்துத் தளத்தைச் சமாதானப்படுத்தும், அது அந்தப் போலியையும் தடுக்கும், தளம் ‘தடுப்பானை அணை’ என்று கத்தும்.

தளம் ஒன்று உடைந்தால் இப்படிப் போங்கள். முதலில் முகவரிப் பட்டையின் இடப்பக்கக் கேடயத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் பயர்பாக்ஸின் சொந்தத் தடமறிதல் பாதுகாப்பை அணைத்துப் பாருங்கள். மாறவில்லையா, அதைத் திரும்பப் போட்டுவிட்டு, யூபிளாக்கின் பெரிய நீல நிறப் பவர் பொத்தானை அழுத்திப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். இதில் சரியானால், அதன் டாஷ்போர்டில் வடிகட்டிப் பட்டியல்கள் பக்கத்துக்குப் போய் ‘பர்ஜ் ஆல் கேஷஸ்’, பிறகு ‘அப்டேட் நவ்’. பழைய பட்டியலே காரணமாக இருப்பது அதிகம். பக்கத்தின் ஒரு துண்டு மட்டும் எரிச்சலூட்டினால் மின்னல் குறியால் தற்காலிகமாகவும், சொட்டுக்குழாய் குறியால் நிரந்தரமாகவும் நீக்கலாம்.

*மல்ட்டி-அக்கவுண்ட் கன்டெய்னர்ஸ்.* மொசில்லாவே தருவது. ஒரே தளத்தில் சொந்தக் கணக்கும் அலுவலகக் கணக்கும் வெவ்வேறு நிற டேப்களில் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். ‘எப்போதும் இந்தக் கன்டெய்னரில் திற’ என்ற வசதியைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். கடைத் தளம் ஒரு கன்டெய்னரிலும், வங்கித் தளம் வேறொன்றிலும் திறக்கும்படி வைத்திருந்தால், பணம் செலுத்தும்போது வங்கிப் பக்கம் வேறு டேப்புக்குத் தாவும். கடையின் அமர்வு அறுந்து, பரிவர்த்தனை பாதியில் நிற்கும். நெட்பேங்கிங் தளத்துக்கு இந்த வசதியை வைக்காமல் இருப்பதே நல்லது.

*கடவுச்சொல் மேலாளர்.* பிட்வார்டன், அல்லது கணினியிலேயே கோப்பாக வைக்க விரும்புவோருக்குக் கீபாஸ்எக்ஸ்சி. இரண்டில் எதைப் போட்டாலும் செட்டிங்ஸில் ‘ஆஸ்க் டு சேவ் பாஸ்வேர்ட்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெட்டியை இரண்டு பேர் நிரப்பப் போட்டி போடுவார்கள், புதுக் கடவுச்சொல் ஒன்றிலும் பழையது மற்றதிலும் தங்கிவிடும்.

*டார்க் ரீடர்.* கண்ணுக்கு இதம், ஆனால் பக்கத்தின் ஒவ்வொரு நிறத்தையும் கணக்குப்போட்டு மாற்றுவதால் நீளமான பக்கங்களில் செயலியை நன்றாகவே தின்னும். பழைய கணினி என்றால் குறிப்பிட்ட தளங்களில் மட்டும் ஓடும்படி வையுங்கள்.

*சிங்கிள்ஃபைல்.* ஒரு பக்கத்தைப் படங்களோடு ஒரே கோப்பாகச் சேமிக்கும். ரசீது, அரசு விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம் போன்றவற்றுக்கு நல்லது.

செங்குத்து டேப்களுக்காகத் தனி நீட்சி வைத்திருப்பவர்கள் 136-ஆம் பதிப்பிலிருந்து உலாவியிலேயே அது இருப்பதைப் பாருங்கள். கிளை கிளையாக டேப்கள் வேண்டுமென்றால் மட்டும் ட்ரீ ஸ்டைல் டேப் தேவை. ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸிலும் 2023 டிசம்பர் முதல் நீட்சிகள் பரவலாகத் திறந்துவிடப்பட்டன. யூபிளாக் ஆரிஜினைக் கைபேசியிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

குறை பயர்பாக்ஸிலேயே இருந்தால்

புதுப் புரொஃபைலிலும் வருகிறது, போன மாதம் வரவில்லை என்றால் உங்களால் ஒரு பெரிய உதவி செய்ய முடியும். மோஸ்ரெக்ரெஷன் என்ற கருவியை நிறுவுங்கள். விண்டோஸில் ஜன்னல் வடிவமும் உண்டு. கடைசியாக நன்றாக இருந்த தேதியையும் கெட்டுப்போன தேதியையும் கொடுத்தால், நடுத் தேதியின் நைட்லியை இறக்கித் தனிப் புரொஃபைலில் திறக்கும். சோதித்துவிட்டு ‘குட்’ அல்லது ‘பேட்’ அழுத்த வேண்டியதுதான். ஒரு மாத இடைவெளி ஐந்து சுற்றிலும், ஓராண்டு இடைவெளி ஒன்பது சுற்றிலும் ஒரு நாளுக்குள் வந்துவிடும். பிறகு அந்த நாளுக்குள்ளும் தேடி, எந்த மாற்றத்தால் கெட்டது என்பதுவரை காட்டும். ஒவ்வொரு சுற்றிலும் முழு உலாவி இறங்குவதால் இணையத் தரவு நிறையச் செலவாகும். கைபேசி இணையத்தில் செய்ய வேண்டாம்.

பிறகு மொசில்லாவின் குறை பதியும் தளமான பக்ஸில்லாவில் ஒரே குறைக்கு ஒரே அறிக்கை. முதலில் செய்ய வேண்டிய படிகள், அடுத்து எதிர்பார்த்தது, அடுத்து நடந்தது. ‘வேலைசெய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘மூன்றாவது படியில் சேமி பொத்தானை அழுத்தியதும் டேப் செத்தது, ஐந்து முறையில் நான்கு முறை’ என்று எழுதுங்கள். அபவுட்:சப்போர்ட் பக்கத்தின் மேலே ‘காப்பி டெக்ஸ்ட் டு கிளிப்போர்டு’ அழுத்தி, அதை உரைக்கோப்பாக இணையுங்கள். கிராஷ் என்றால் ‘பிபி’ எண் கட்டாயம். மோஸ்ரெக்ரெஷன் காட்டிய கடைசி வரிகளை அப்படியே ஒட்டுங்கள். உங்களிடம் விளக்கம் கேட்டால் ‘நீடின்ஃபோ’ என்ற குறியோடு மின்னஞ்சல் வரும். அதற்கு மறுமொழி போகாத அறிக்கைகள் முன்னே நகராமல் கிடந்து, பலவும் அப்படியே மூடப்படுகின்றன.